சத்தமில்லாமல் கைவிடும் வரிசை

காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகள், 11 மணிக்கு ஸ்லீப்பர். மறுநாள் புதுடெல்லியிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில், கடைசி நேர முன்பதிவான தட்கலில் இடம் பிடிக்கவேண்டிய கரோல் பாக், ஆர்.கே.புரம் தமிழர்களுக்கு இந்த இரண்டு நேரமும் மனப்பாடம். 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின, அதுவரை இல்லாத உச்சம் இது என்று ரயில்வே அறிவித்தது. நொடிக்கு ஏறத்தாழ 530 டிக்கெட். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்த நிமிடத்தில் திரையில் வட்டம் சுற்றுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்படிப்பட்ட கணக்குகளில் வருவதில்லை.

தளம் தொங்கிவிட்டால் அதை நடத்தும் ஐஆர்சிடிசியைத் திட்டுகிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ரயில்வேயின் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் சாணக்யபுரி ‘கிரிஸ்’ அமைப்பையும் சேர்த்துத் திட்டுவார்கள். லினக்ஸையோ விண்டோஸையோ யாரும் திட்டிக் கேட்டதில்லை. ஆனால் எந்த சர்வரும் நிரம்பி வழியும்போது, வந்தவர்களில் சிலருடைய கோரிக்கை அங்கிருக்கும் மென்பொருளின் கண்ணிலேயே படுவதில்லை. அதற்கு முன்பே, இயங்குதளத்தின் வாசலில் அது விழுந்துவிடுகிறது. விழுந்த தகவல் பெரும்பாலும் அனுப்பியவருக்கும் போவதில்லை, மென்பொருளுக்கும் போவதில்லை. இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையின் இணைப்பைத் திறக்கும் பொறுப்பை இயங்குதளங்கள் நாற்பது ஆண்டுகளாக இப்படித்தான் நடத்திவருகின்றன. இந்த நடைமுறையில் எது சரி, எது காலாவதியாகிவிட்டது என்று எடைபோட, தட்கல் நேரத்தைவிட நல்ல தராசு இந்தியாவில் இல்லை.

முதலில் நடப்பது என்ன என்று பார்க்கலாம். உங்கள் போன் ‘சின்’ என்ற சிறு பாக்கெட்டை அனுப்புகிறது. சர்வர் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ‘சின்-ஆக்’ என்று பதில் போடுகிறது. போன் ‘ஆக்’ என்று முடித்துவைக்கிறது. மூன்று பாக்கெட்டில் கைகுலுக்கல் முடிந்தது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த முறை இது. அந்த ஆவணத்தின் இடத்துக்கு 2022-இல் ஆர்எஃப்சி 9293 வந்தபோதும் இந்த மூன்று பாக்கெட்டில் மாற்றமில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, இந்த மூன்று பாக்கெட்டும் போய்வரும் வரை வெப் சர்வர் மென்பொருளுக்கு எதுவுமே தெரியாது. அது தொடக்கத்தில் ‘லிசன்’ என்று ஒருமுறை சொல்லி, எத்தனை பேரை நிறுத்திவைக்கலாம் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. அந்த எண்ணுக்குப் பேர் பேக்லாக். மீதி எல்லாம் கெர்னல் பாடு. லினக்ஸ் இரண்டு வரிசைகளை வைத்துக்கொள்கிறது. சின் வந்து ஆக் வராத அரைகுறை இணைப்புகளுக்கு ஒன்று. கைகுலுக்கல் முடிந்து, மென்பொருள் ‘அக்செப்ட்’ என்று கூப்பிட்டு எடுத்துக்கொள்ளக் காத்திருப்பவற்றுக்கு இன்னொன்று. கல்யாண மண்டப வாசலில் நிற்பவர் சந்தனம் கொடுத்து ‘வாங்க, சாப்பிடலாம்’ என்று எல்லோரையும் அனுப்பிவைக்கிறார். பந்தியில் இலை காலியாக இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது, அவரை அங்கே நிறுத்தியவருக்கும் வந்தவர் யார் என்று தெரியாது. கெர்னல் செய்வதும் அதுவே.

இந்த ஏற்பாடு பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1983-இல் வெளியான 4.2பிஎஸ்டி யுனிக்ஸில்தான் சாக்கெட், லிசன், அக்செப்ட் எல்லாம் இன்று நாம் அறிந்த வடிவில் பரவின. அதில் பேக்லாக்கின் உச்சவரம்பு 5. ஐந்தே பேர். டெல்லியில் அப்போது ரயில் முன்பதிவு பேரேட்டில் நடந்துகொண்டிருந்தது. கணினி முன்பதிவின் முதல் பரிசோதனை புதுடெல்லியில் தொடங்க இன்னும் இரண்டு ஆண்டுகளாவது ஆகவேண்டியிருந்தது. ஐந்து பேர் வரிசைக்குப் போட்ட திட்டம் ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கானவர்கள் கதவைத் தட்டும் காலம்வரை ஓடிவந்திருக்கிறது என்பதே அதன் வலிமைக்கு முதல் சாட்சி.

அந்த வலிமையைக் குறைத்துப் பேசக் கூடாது. மென்பொருள் எழுதுபவருக்கு இது பெரிய நிம்மதி. பாக்கெட் தொலைவது, திரும்ப அனுப்புவது, பாதியில் காணாமல்போனவரைக் கழற்றிவிடுவது எதையும் அவர் யோசிக்க வேண்டாம். கையில் கிடைப்பது முழுமையான இணைப்பு. மென்பொருள் ஒரு கால் நொடி வேறு வேலையில் மாட்டிக்கொண்டாலும் வருபவர்கள் திருப்பி அனுப்பப்படுவதில்லை, வரிசையில் நிற்கிறார்கள். கல்லூரி மாணவர் நாற்பது வரியில் ஒரு சர்வர் எழுதிவிட முடிவது இதனால்தான்.

வரிசை நிரம்பிவிட்டால்? பெர்க்லி வழிவந்த கெர்னல்கள் சின் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, கண்டுகொள்ளாமல் இருந்துவிடுகின்றன. மறுப்பும் சொல்வதில்லை. கேட்க மரியாதைக் குறைவாகத் தெரியும். ஆனால் இதற்கு வலுவான நியாயம் உண்டு. யுனிக்ஸ் நெட்வொர்க் நிரலாக்கத்துக்கு ஆதாரப் புத்தகம் எழுதிய ரிச்சர்ட் ஸ்டீவன்ஸும் இதை ஆதரித்தே எழுதினார். வரிசை நிரம்பியிருப்பது தற்காலிக நிலை. பதில் வராவிட்டால் அனுப்பியவரின் கெர்னலே மறுபடி சின் அனுப்பும். அதற்குள் இடம் காலியாகியிருக்கும். மறுப்பை அனுப்பினால் அது நேராக மென்பொருளுக்குப் போய்ப் பிழையாக வெடிக்கும். தவிர, ‘அந்த போர்ட்டில் யாருமே இல்லை’ என்பதற்கும் அனுப்பப்படுவது அதே மறுப்புதான். ஆள் இல்லாததும் ஆள் வேலையாக இருப்பதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றாகிவிடும்.

விண்டோஸ் இதற்கு நேர்மாறான பாதையில் போனது. அதன் சர்வரில் வரிசை நிரம்பினால் இணைப்பு மறுக்கப்பட்டதாக ‘ரீசெட்’ போகிறது. அப்படியானால் நேர்மைக்கான மதிப்பெண்ணை விண்டோஸுக்குக் கொடுத்துவிடலாமா என்றால், அதே விண்டோஸ் வாடிக்கையாளர் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, மறுப்பு வந்தபிறகும் அதை நம்பாமல் சில முறை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கிறது. ‘இல்லை’ என்ற பதிலுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதன் விளைவு அது. மறுப்பைச் சொல்வதால் மட்டும் தகவல் போய்ச் சேர்ந்துவிடாது, எந்த மறுப்பு என்றும் சொல்லத் தெரிய வேண்டும். டிசிபியில் அதற்கான சொல்லே இல்லை. ‘இப்போது இடமில்லை, மூன்று நொடி கழித்து வா’ என்று கைகுலுக்கலின்போதே தெரிவிக்க 1981-லும் வழி வைக்கவில்லை, 2022-லும் வைக்கவில்லை.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும் நெரிசலுக்கு இந்த மௌனம் அருமையான மருந்து. நெரிசல் ஐந்து நிமிடம் நீடித்தால் அதே மௌனம் பொறுமைசாலியைத் தண்டித்து, முண்டியடிப்பவருக்குப் பரிசு கொடுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் சின் சரியாக 10 மணி அடித்தவுடன் போய்ச் சேர்கிறது, இடமில்லை, கீழே விழுகிறது. உங்கள் போன் ஒரு நொடி காத்திருந்து மறுபடி அனுப்பும். அதுவும் விழுந்தால் 2 நொடி, பிறகு 4, பிறகு 8. அதாவது உங்கள் முயற்சிகள் 10 மணி 1 நொடி, 3 நொடி, 7 நொடி, 15 நொடி என்று போய்க்கொண்டே இருக்கும். லினக்ஸில் நெடுநாள் இருந்த இயல்பு அளவுப்படி ஆறு மறுமுயற்சிகள், கடைசியில் கைவிட 127 நொடி. இப்போது இன்னொருவர் 10 மணி 4 நொடிக்குச் சாவகாசமாக வந்து தட்டுகிறார். அந்தக் கணத்தில் ஓர் இடம் காலியானால் அது அவருக்குத்தான். நான்கு நொடி முன்பே வந்த நீங்கள் 7-ஆம் நொடிக்காக உங்கள் போனுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். கெர்னல் வைத்திருப்பது உள்ளே வந்தவர்களின் வரிசைதான். வெளியே விழுந்தவர்களுக்கு வரிசை எதுவும் கிடையாது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்கல். தோற்கத் தோற்க உங்கள் வாய்ப்புகளின் இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போகும்.

இப்படி விலகி விலகி முயலும் ஒழுக்கம் இணையம் முழுவதும் நெரிந்து சாகாமல் இருக்க 1980-களில் கற்ற பாடம். எல்லோரும் ஒழுக்கமாக இருக்கும்வரை அது எல்லோருக்கும் நல்லது. ஆனால் ஒழுக்கம் வெகுநாளாகவே தேய்ந்துவருகிறது. முதல் காத்திருப்பு முன்பு 3 நொடியாக இருந்தது, 2011-இல் ஆர்எஃப்சி 6298 அதை 1 நொடியாக்கியது. குரோம் உலாவி அந்த ஒரு நொடிக்கும் காத்திருப்பதில்லை. கால் நொடியில் பதில் வராவிட்டால் மாற்றாக இன்னோர் இணைப்பைத் திறந்துபார்க்கும். லினக்ஸே 2023-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து முதல் சில மறுமுயற்சிகளில் இரட்டிப்பாக்குவதை விட்டுவிட்டு நொடிக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டது. உலாவியும் கெர்னலும் இப்படியிருக்க, டிக்கெட் பிடிக்கவென்றே எழுதிய ரோபோ மென்பொருளைக் கேட்க வேண்டாம். அது ஒரே நேரத்தில் இருநூறு சாக்கெட்டுகளைத் திறந்து, எது நுழைகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை உதறிவிடும். சர்வருக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு எடுத்த மெஷினில் அது ஓடினால் கைகுலுக்கல் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். தென்காசிப் பக்கம் இரண்டு கோடு சிக்னலில் மகளின் பயணத்துக்காக முயலும் அப்பாவுக்கு டிசிபி கைகுலுக்கல், அதற்குமேல் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் கைகுலுக்கல் என்று போய்வருவதிலேயே அரை நொடி கரையும்.

மௌனத்தைவிட எனக்கு உறுத்தலான இன்னொன்று இருக்கிறது. அது அரைப்பொய். கைகுலுக்கலின் மூன்றாவது பாக்கெட்டான ஆக் வந்து சேரும் நேரத்தில் இரண்டாவது வரிசை நிரம்பியிருந்தால், லினக்ஸ் இயல்பாக அந்த ஆக்கைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் போனைப் பொறுத்தவரை சின்-ஆக் வந்துவிட்டது, தான் ஆக் அனுப்பிவிட்டது, இணைப்பு கிடைத்துவிட்டது. உலாவியின் அடியில் ‘இணைந்தாயிற்று, பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று வரும். சர்வர் பக்கத்தில் அப்படி ஓர் இணைப்பே இல்லை. போன் தன் கோரிக்கையை அனுப்பும், பதில் வராது, மறுபடி அனுப்பும். உள்ளே போய்விட்டோம் என்று நம்பி நகராமல் உட்கார்ந்திருப்பவர் உண்மையில் தெருவில் நிற்கிறார். இதை மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டால் நிரம்பிய நேரத்தில் ரீசெட் போய்விடும். ஆனால் மென்பொருளை வேகப்படுத்தவே முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய இதைத் தொடாதீர்கள், வாடிக்கையாளர்களுக்குக் கெடுதல் என்று லினக்ஸ் ஆவணமே எச்சரிக்கிறது. ஒருநொடி நெரிசலை மனதில் வைத்து எழுதிய எச்சரிக்கை அது. அந்த அளவில் சரிதான்.

அப்படியானால் வரிசையை நீட்டிவிட வேண்டியதுதானே? சர்வர் நிர்வாகிகளின் முதல் கைவைத்தியம் இதுவே. லினக்ஸில் பேக்லாக்கின் உச்சவரம்பு நெடுங்காலம் 128-ஆக இருந்தது. 2019-இல் வந்த 5.4 பதிப்பில் அது 4,096 ஆனது. இந்த வரம்பின் குணமும் சத்தமில்லாமல் வெட்டுவதுதான். வரம்பு 128-ஆக இருந்தபோது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 511 கேட்கும், கெர்னல் ‘சரி’ என்று சொல்லிவிட்டு 128 கொடுக்கும். பிழைச் செய்தி கிடையாது. ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருள் மட்டும் தொடங்கும்போதே ‘நான் 511 கேட்டேன், இங்கே 128தான் இருக்கிறது’ என்று பதிவேட்டில் புலம்பிவைக்கும். அந்தப் புலம்பலைப் படித்துத்தான் ஒரு தலைமுறை நிர்வாகிகள் இப்படி ஒரு வரம்பு இருப்பதையே தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் நீளமான வரிசை தன்னளவில் நன்மை இல்லை. கணக்குக்காக, ஒரு சர்வர் நொடிக்கு 500 இணைப்புகளை எடுத்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 128 பேர் வரிசை நிரம்பியிருந்தால் கடைசி ஆள் கால் நொடியில் உள்ளே போவார். 4,096 பேர் என்றால் எட்டு நொடிக்குமேல். தட்கலில் எட்டு நொடி என்பது ஒரு யுகம். அதற்குள் அவர் பொறுமையிழந்து பக்கத்தைப் புதுப்பித்திருப்பார். பழைய இணைப்பு வரிசையிலேயே கிடக்கும். முறை வந்ததும் மென்பொருள் அதை எடுத்து, கோரிக்கையைப் படித்து, தரவுத்தளத்தில் தேடி, பதிலையும் தயாரித்து அனுப்பும். வாங்கிக்கொள்ள மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது சர்வர் தன் சக்தியில் பெரும்பகுதியை இப்படி விட்டுப்போனவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கும். சிபியூ நூறு சதவீதம் ஓடுகிறது, டிக்கெட் மட்டும் நகரவில்லை என்ற மர்மத்துக்குப் பல நேரங்களில் விடை இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். லினக்ஸ் மெஷினில் ‘எஸ்எஸ்’ என்ற கட்டளையை, கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டுகளை மட்டும் காட்டச் சொல்லி ஓடவிட்டால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வரும். ‘ரிசீவ்-க்யூ’வில் இப்போது எத்தனை பேர் எடுக்கப்படாமல் நிற்கிறார்கள் என்பது, ‘சென்ட்-க்யூ’வில் எத்தனை பேர் நிற்கலாம் என்பது. நல்ல நாளில் முதல் எண் 0. கெட்ட நாளில் 129, 128 என்று நிற்கும். 128 பேர் வரிசையில் 129 பேர் எப்படி என்று குழம்ப வேண்டாம். நிரம்பிவிட்டதா என்ற சோதனையை லினக்ஸ் ‘அதிகமாகிவிட்டதா’ என்று எழுதியிருப்பதால் ஒருவர் கூடுதலாக நுழைந்துவிடுகிறார். ‘நெட்ஸ்டாட்’ கட்டளையின் நீண்ட பட்டியலுக்குள்ளே, வரிசை எத்தனை முறை வழிந்தது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த எண் மெஷின் முழுவதற்கும் பொதுவானது. எந்த மென்பொருளின் வரிசை வழிந்தது என்று அதில் இருக்காது. வழிந்தபோது மென்பொருளைத் தட்டி எழுப்பிச் சொல்லவும் யாரும் இல்லை. தன் வாசலில் இருபதாயிரம் பேர் விழுந்தார்கள் என்பதை அறியாமலேயே ஒரு வெப் சர்வர் ‘எல்லாக் கோரிக்கைக்கும் 200 மில்லிநொடியில் பதில் சொன்னேன்’ என்று அறிக்கை கொடுக்கும். உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாச் சேவையும் சிறப்பாகத்தான் தெரியும்.

இயங்குதளங்கள் இந்த வாசலில் செய்த ஆகச்சிறந்த வேலை எதுவென்று கேட்டால், சின் குக்கியைச் சொல்வேன். அதன் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆக் அனுப்பும் எண்ணமே இல்லாமல், போலி முகவரிகளிலிருந்து சின்களை மட்டும் வெள்ளமாக அனுப்பினால் முதல் வரிசை அரைகுறை இணைப்புகளால் நிரம்பிவிடும், நல்லவர்கள் உள்ளே வரமுடியாது. 1994-லேயே பில் செஸ்விக்கும் ஸ்டீவன் பெல்லோவினும் இதைக் கண்டுபிடித்து, தங்கள் ஃபயர்வால் புத்தகத்தில் ஒரு பத்தி எழுதி, பிறகு அதை நீக்கிவிட்டார்கள். வெளியே சொன்னால் விஷமிகள் பிடித்துக்கொள்வார்களே என்ற பயம். இரண்டு ஆண்டுகள் யாரும் மருந்து தயாரிக்கவில்லை. 1996-இல் ஹேக்கர் இதழ்கள் செய்முறையோடு வெளியிட்டன. அந்த செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் நாள்கணக்கில் முடங்கியது.

அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைனும் எரிக் ஷெங்கும் யோசித்துச் சொன்ன மருந்து அபாரமானது. சின் வந்ததும் எதையும் நினைவில் வைக்காதே. நினைவில் வைக்கவேண்டியதை, பதிலில் அனுப்பும் 32 பிட் வரிசை எண்ணுக்குள்ளேயே மறைத்து வந்தவரிடமே கொடுத்துவிடு. 5 பிட் நேரத்துக்கு, 3 பிட் பாக்கெட் அளவுக்கு, 24 பிட் ரகசியக் கையொப்பத்துக்கு. உண்மையானவர் ஆக் அனுப்பும்போது அந்த எண் திரும்பி வரும். கையொப்பம் சரியென்றால் அப்போது இணைப்பை உருவாக்கிக்கொள். சேமிப்பே இல்லாததால் நிரம்புவதற்கும் எதுவுமில்லை. விலை இல்லாமலும் இல்லை. 3 பிட்டில் எட்டு அளவுகள்தான் அடங்கும். டிசிபியை வேகப்படுத்தும் பெரிய ஜன்னல், தேர்ந்தெடுத்த ஒப்புகை போன்ற வசதிகள் ஆரம்பத்தில் காணாமல் போயின. 2008-இல்தான் லினக்ஸ் அவற்றை பாக்கெட்டின் நேரமுத்திரைக்குள் ஒளித்துவைக்கக் கற்றது. குக்கி கொடுத்தபின் ஆக் வழியில் தொலைந்துபோனால் சர்வருக்கு எதுவும் நினைவிருக்காது. முதலில் பேசவேண்டியது சர்வர்தான் என்கிற அஞ்சல் நெறிமுறை மாதிரி இடங்களில் இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வெப்பில் உலாவி முதலில் பேசுவதால் இந்தச் சிக்கல் குறைவு.

இங்கே ஒரு வேடிக்கை. நிஜமான கூட்டம் வந்தாலும் லினக்ஸின் பதிவேட்டில் ‘443 போர்ட்டில் சின் வெள்ளத் தாக்குதலாக இருக்கலாம், குக்கி அனுப்புகிறேன்’ என்றுதான் விழும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கும் தாக்குதல்காரனுக்கும் கெர்னலின் பார்வையில் வித்தியாசமில்லை. அதற்குத் தெரிவது நான்கே நான்கு விவரங்கள், இரண்டு ஐபி முகவரி, இரண்டு போர்ட் எண். மனிதர் என்ற ஒருவர் அதன் உலகத்திலேயே கிடையாது. ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று கட்டுப்படுத்தலாமே என்றால், நம் மொபைல் நிறுவனங்களில் ஐபிவி4 முகவரிப் பற்றாக்குறையால் ஏராளமான சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கிறார்கள். ரோபோவைத் தடுக்கப்போய் ஒரு பேட்டையையே தடுத்த மாதிரி ஆகிவிடும். குக்கி காப்பாற்றுவதும் முதல் வரிசையை மட்டும்தான். இரண்டாவது வரிசையில், முழுக் கைகுலுக்கலும் முடித்த உண்மையான ஆட்கள் நெரியும்போது அதனிடம் மருந்து இல்லை.

பெரிய தளங்களில் இன்று உங்கள் சின் நேராக மூல சர்வருக்குப் போவதில்லை. ஐஆர்சிடிசியும் தன் முன்னால் உள்ளடக்க விநியோக வலையமைப்பையும் ரோபோ தடுப்பையும் நிறுத்தியிருப்பதாக 2025 ஜூனில் ரயில்வே தெரிவித்தது. அப்படிப்பட்ட அமைப்பில் உங்கள் கைகுலுக்கல் முன்வாசல் மெஷினோடு முடிந்துவிடும். ஆனால் அந்த முன்வாசல் பின்னால் இருப்பவரோடு இன்னொரு டிசிபி இணைப்பைத் திறக்கவேண்டும், அவர் அதற்குப் பின்னால் இருப்பவரோடு. ஒவ்வொரு கட்டத்திலும் அதே இரட்டை வரிசை, அதே மௌனம். திறப்பவர் பக்கத்திலும் ஒரு முட்டுச்சந்து உண்டு. லினக்ஸ் தன் சார்பில் திறக்கும் இணைப்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரை போர்ட் எண்களைத் தருகிறது, மொத்தம் 28,232. முதலில் மூடியவர் பக்கம் அந்த எண் 60 நொடி ஓய்வில் இருக்கவேண்டும். ஆக, ஒரே முகவரியிலிருந்து ஒரே பின்சர்வருக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்து தானே மூடும் ப்ராக்ஸி (இடைநிலை மெஷின்), நொடிக்கு ஏறத்தாழ 470 இணைப்பைத் தாண்ட முடியாது. மே 22-இன் 530-ஐ நினைத்துப் பாருங்கள். இணைப்புகளை மூடாமல் வைத்து மறுபடி பயன்படுத்துவதன் அருமை அப்போது புரியும்.

தட்கலுக்கு வருவோம். முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைவு முயற்சிகளில் 50 சதவீதம்வரை ரோபோக்களுடையவை என்றும், 2.5 கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் ரயில்வே சொன்னது. 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் இணையத்தில் தட்கல். முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் தடை. இந்த நடவடிக்கைகள் தனியுரிமை நோக்கில் எப்படி என்பது வேறு விவாதம். ஆனால் கெர்னலுக்குத் தெரியாத ‘மனிதர்’ என்ற விவரத்தை மென்பொருள்தான் கொண்டுவரவேண்டும் என்ற அளவில் திசை சரி. குறை என்னவென்றால், ஆதாரைச் சரிபார்க்க மென்பொருள் உங்களைப் பார்க்கவேண்டும். பார்க்க, அதற்கு முன் இணைப்பு கிடைக்கவேண்டும். முண்டியடிப்பு நடப்பது அந்த முதல் படியில். கொள்ளளவைக் கூட்டினாலும் இது தீராது. 2014-இல் புதிய தளம் வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது, இப்போது முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பெர்த்துகளின் எண்ணிக்கை அந்த வேகத்தில் கூடவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் வந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை எந்தக் கொள்ளளவும் அந்த ஒரு நொடிக்குப் போதாது.

கெர்னலிடம் நியாயம் கேட்பதில் அர்த்தமில்லை, உண்மையைக் கேட்கலாம். வரிசை வழிந்தால் மென்பொருளுக்குத் தெரியவேண்டும், போர்ட் வாரியாக, அதே நொடியில். வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பதும் தெரியவேண்டும். ஐந்து நொடி பழசானவரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியவருக்குப் பதில் சொல்வதா என்று மென்பொருள் முடிவெடுக்கட்டும். டிசிபிக்கு மாற்றாக வந்த க்விக் நெறிமுறை இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2021-இல் ஆர்எஃப்சி 9000-ஆக வந்த அதில் கைகுலுக்கலின் பொறுப்பு பெரும்பாலும் கெர்னலிலிருந்து மென்பொருளின் கைக்கு வந்துவிட்டது. சின் குக்கியின் தத்துவத்தையே ஒரு டோக்கனாக அனுப்பி ‘இதோடு திரும்பி வா’ என்று சொல்ல முடியும். ‘ஏற்க மறுக்கிறேன்’ என்பதற்குத் தனிக் குறியீடும் உண்டு. பெர்க்லி கொடுத்த நிம்மதியை இழந்துதான் இந்த உரிமை கிடைக்கிறது. அந்த மாணவரின் நாற்பது வரி சர்வருக்கு இது ஒத்துவராது.

ரயில்வேக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையுமில்லை. 9.30-லிருந்து 10 மணிவரை எப்போது வேண்டுமானாலும் வந்து, ஆதார் சரிபார்த்து, வண்டியையும் வகுப்பையும் சொல்லிவிட்டுப் போகலாம், 10 மணிக்கு அவர்களுக்குள் குலுக்கல் என்று வைத்தால் எந்தக் கெர்னலிலும் ஒரு வரிகூட மாற வேண்டாம். முந்தி வந்தவருக்கு முன்னுரிமை என்ற கொள்கை போய்விடுமே என்பார்கள். அது இப்போதும் இல்லை என்பதைத்தான் மேலே நொடிக்கணக்கில் பார்த்தோம். வருகை அரை மணி நேரத்துக்குப் பரவிவிட்டால் 4,096 பேர் வரிசை நிரம்புவதே அபூர்வம். நிரம்பிச் சின் பாக்கெட் கீழே விழுந்தாலும் போன் ஒரு நொடி கழித்து மறுபடி தட்டும், அந்த ஒரு நொடிக்காக யாருக்கும் பெர்த் போய்விடாது. 1983-இல் நினைத்த கூட்டமும் அப்படிப்பட்டதுதான்.